தெற்கு வாசலும் தூண்டில் கம்பும்

இந்தத் தலைநகரத்தைப் படையெடுத்து வென்றவர்கள் என்று சரித்திரப் புத்தகத்தில் நாலைந்து பேரைச் சொல்கிறார்கள். அவர்களெல்லாம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இதற்குள் நுழைந்தவர்கள். அதற்கே சிலை வைத்திருக்கிறார்கள். என் மருமகள் தினமும் நுழைகிறாள், அதுவும் சாயங்காலக் காபி ஆறுவதற்கு முன்னால். ஆகவே உலகத்தில் இன்றுவரை தோன்றிய வெற்றிவீரர்களில் அவளுக்கே முதலிடம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு.

பேரரசு என்றைக்கோ கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. பேரரசரின் குதிரை லாயம் இப்போது பஸ் டிப்போ. குதிரை தண்ணீர் குடித்த கல் தொட்டியில் டிரைவர்கள் டியூப்பை முக்கி ஓட்டை பார்க்கிறார்கள். பேரரசி நீராடிய மண்டபம் பாஸ்போர்ட் ஆபீஸ் ஆகிவிட்டது. அங்கே போகிறவர்கள் இன்றைக்கும் நனையாமல் வெளியே வருவதில்லை, வியர்வையில். ராஜ்யம் போனாலும் ராஜ்யத்தைப் பார்க்க வருகிற கூட்டம் போகவில்லை. அந்தக் கூட்டத்தைக் காலையில் ஏற்றிக்கொண்டு அரண்மனை, வடக்கே கல் குவாரி, மலையடிவாரத்து ராஜ கல்லறைகள், ஏரிக்கரைக் கோடை மாளிகை என்று ஊரையும் சுற்றுப்புறத்தையும் காட்டி, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பக் கொண்டுவந்து இறக்குவது என் மருமகளின் வேலை. டிப்போவிலேயே பெரிய பஸ் அவளுடையது. அது அவளுடையதாக ஆன கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவள் பிறந்தது அந்தக் கல் குவாரி ஊரில். அப்பா கல் லாரி ஓட்டியவர். லோடு ஏற்றும்போது அவர் ஒரு காரியம் செய்வாராம். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்திருக்கிற மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்ப்பார். கை தாராளமாகப் போனால் இன்னும் ஏற்று. விரல் மட்டும் போனால் போதும், கிளம்பு. எடை மேடை என்ன சொன்னாலும் அவருக்குக் கைதான் எடை மேடை. மகளும் அதைப் பார்த்தே வளர்ந்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் வைப்பதென்றால் முதலில் கையை விட்டு இடம் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.

என் மகன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேரின் மூக்கு அவனுக்கு மனப்பாடம். கனரக வாகன லைசென்ஸுக்குக் கண் பார்வைச் சான்று வேண்டும் என்று இவள் அவன் கடைக்கு வந்தாள். சுவரில் தொங்கிய அட்டையில் மேல் வரியிலிருந்து வாசிக்கச் சொன்னான். கடைசி வரிவரை வாசித்தாள். அதோடு நிறுத்தாமல், அட்டையின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் சேர்த்து வாசித்தாள். அந்த அச்சகத்தின் பெயர் அங்கே இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். "என்னடா, பசிக்கலையா?" என்றேன். "அம்மா, அவளுக்கு எல்லாமே தெரியுதும்மா" என்றான். அப்புறம் என்ன, கல்யாணம்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூல் வேன் ஓட்டினாள். வேன் நிறையக் குழந்தைகள் ஒரே குரலில் அழுதாலும் கியர் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் அவள் காதில் விழும். வீட்டிலும் அவள் டிரைவர்தான். மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. மாடிப்படி வளைவில் சோபாவை ஏற்றியபோது மகன் முன்னால், நான் பின்னால். அவள் மேல் படியில் நின்று, "அத்தை, இடது பக்கம் ஒடிங்க. இன்னும். போதும், நேர் பண்ணுங்க. சுவத்தைப் பாருங்க, சுவத்தைப் பாருங்க!" என்றாள். நான் சோபாவின் பின்சக்கரம். சுவரில் ஒரு கீறல் இல்லை. என் முட்டியில் இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"அத்தை, பெரிய வண்டியைத் தர்றாராம்."

"யாரு?"

"டூரிஸ்ட் பஸ் முதலாளி. ஒரு வாரம் ஓட்டிக் காட்டணும். எங்கேயும் ஒரு கீறல் விழாம ஓட்டினா அந்தச் சுத்து எனக்கு. விழுந்தா மறுபடியும் ஸ்கூல் வேன்."

"அவருக்கு என்ன திடீர்னு உன் மேல இவ்வளவு பாசம்?"

"பாசமெல்லாம் இல்ல. வேற யாரும் வரமாட்டேங்கிறாங்க."

விஷயம் இதுதான். சுற்றுப்பயணம் முடிந்து ஊருக்குள் திரும்புகிற புறவழிச்சாலைப் பாலத்தில் மராமத்து. அது முடியும்வரை கோட்டையின் தெற்கு வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். பழைய பஸ்கள் குள்ளமானவை, அதில் நுழைந்துவிடும். முதலாளி புதிதாக வாங்கிய பஸ்ஸோ ஒட்டகம் மாதிரி நெட்டை, போதாததற்கு டிரைவர் சீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் கூரைமேல் திமில் மாதிரி ஏசி பெட்டி. வாசலின் கல் வளைவில் அந்தப் பெட்டி உரசினால் முடிந்தது கதை. கோட்டையைப் பராமரிக்கிற இலாகா கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: ஒரு கல்லில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்தக் கம்பெனி வண்டி எதுவும் இனி கோட்டைப் பக்கம் வரக் கூடாது. அனுபவமுள்ள டிரைவர்களெல்லாம் ஆளுக்கொரு முதுகுவலியைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"எனக்கு முதுகு நல்லா இருக்குன்னு சொன்னேன்."

அன்றே பரண்மேல் ஏறி, என் வீட்டுக்காரர் விட்டுப்போன தூண்டில் கம்பை இறக்கினாள். அந்தக் கம்பில் அவர் ஒரு தடவை முதலையைப் பிடித்து, பாவம் பார்த்துத் திரும்ப ஏரியிலேயே விட்டார். நம்புகிறவர்கள் நம்பலாம். கம்பின் நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டி, பஸ்ஸின் முன் பம்பரில் நேராக நிற்க வைக்க ஒரு கொக்கியும் போட்டாள். கம்பு நின்றால் ரிப்பன் ஏசி பெட்டியைவிட ஒரு விரல் உயரத்தில் ஆடும். வாசலுக்கு வரும்போது ரிப்பன் கல்லில் படாமல் போனால் பெட்டியும் படாது. பட்டால் கம்பு வளையும், உடனே பிரேக். கல்லுக்கும் நோகாது, வண்டிக்கும் நோகாது.

வாரம் முழுக்க மழை. மழையிலேயே போனாள், மழையிலேயே வந்தாள். தெற்கு வாசலில் ரிப்பன் கல்லில் படாமல் தலையைக் குனிந்துகொண்டு போகிற மாதிரிப் போயிற்றாம். கடைசி நாளன்று முதலாளியே பஸ்ஸில் வருகிறேன் என்றார். நானும் டிக்கெட் வாங்கிவிட்டேன்.

"அத்தை, மாமியாரைக் கூட்டிட்டு வந்திருக்காளேன்னு முதலாளி நினைப்பார். நீங்க வந்தா நான் உங்களைத் தெரியாத மாதிரிதான் இருப்பேன்."

"தாராளமா இரு. எனக்கு மருமகள்னு ஒருத்தி இருக்காளான்னே எனக்குச் சந்தேகம்."

அன்றைக்கு மழை விட்டுப் பளிச்சென்று வெயில். பஸ் நிறைய ஓய்வுபெற்ற தபால் ஊழியர்கள், சங்கமாகச் சேர்ந்து வந்திருந்தார்கள். முன் சீட்டில் முதலாளி, மடியில் போன். அவருக்குப் பக்கத்தில் வழிகாட்டி இளைஞன். கையில் மைக் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் டிப்போவில் அவனுக்கு 'மைக்' என்றே பெயர். டிரைவர் சீட்டில் என் மருமகள், சட்டைக் காலர் கத்தி மாதிரி நிற்க, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சரிபார்த்தாள். உள் கண்ணாடியில் என் முகம் தெரிந்தபோது முன்பின் தெரியாத மாதிரி, "பெரியம்மா, கையை உள்ள வெச்சுக்குங்க" என்றாள். என்ன நடிப்பு!

அரண்மனையைச் சுற்றி வந்தோம். சிம்மாசன மண்டபத்தில் சிம்மாசனம் இல்லை, அது இருந்த இடத்தில் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். மைக் அந்த வெற்றிடத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினான். பிறகு வடக்கே குவாரி ஊர். சாலையோரப் பட்டறை ஒன்றின் முன்னால் அவள் இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். பட்டறைக்குள்ளிருந்து சம்பந்தி வெளியே வந்து, லாரிக்குச் சைகை காட்டுகிற மாதிரி கையைச் சுழற்றி, 'போ, போ, நல்லா போகுது' என்றார். என் மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பஸ் கொஞ்ச தூரம் நிமிர்ந்து நடந்தது. சத்தியமாக நான் உணர்ந்தேன்.

அங்கே கல் விற்கிற கடையில் தபால்காரர்கள் ஆளுக்கொரு பேப்பர் வெயிட் வாங்கினார்கள். "வேலையில இருந்தப்ப ஆபீஸ் கல்லு. இப்பதான் சொந்தக் கல்லு" என்றார் சங்கத் தலைவரான பழைய போஸ்ட் மாஸ்டர். வாங்கிய கல்லைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து எடையையும் சொன்னார். ஆயுசு முழுக்க பார்சல் பிடித்த கை.

கோட்டைக்கும் கல்லறைகளுக்கும் இந்தக் குவாரிக் கல்தான் போயிற்று என்று மைக் சொல்ல மறந்துவிட்டான். வண்டியைக் கிளப்பிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஊருக்குள்ள நீங்க பாத்த அரண்மனை, இனிமே பாக்கப்போற கல்லறை, சாயங்காலம் நுழையப்போற வாசல், எல்லாம் எங்க ஊர்லேர்ந்து போன கல்லு." மைக் அதை மைக்கில் மறுபடி சொன்னான், தானே கண்டுபிடித்த மாதிரி. மலையடிவாரத்தில் ராஜாக்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஏரிக்கரை மாளிகையில் பாதிப் பேர் தூங்கினார்கள். முதலாளி மட்டும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தபடியே வந்தார். அவருக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்துக்குத் தெற்கு வாசலுக்கு வந்துசேர்ந்தோம். இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு வண்டி போகிற பாதை, எதிரே கல் வளைவு. இங்கே கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பயணிகள் எல்லாரும் இறங்கி வாசல் வழியாக நடந்து போவார்கள், பஸ் பின்னால் வரும். மைக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பேரரசரே தேரை விட்டு இறங்கி, தலை வணங்கி, நடந்து நுழைந்த வாசல் இது. நாமும் இறங்கி நடப்போம்." எல்லாரும் பக்தியோடு இறங்கினார்கள். முதலாளியும் இறங்கினார். நடந்து போய் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பஸ் வருவதைப் படம் பிடிக்கப் போனைத் தூக்கினார்கள்.

என் மருமகள் தூண்டில் கம்பைக் கொக்கியில் நிறுத்தினாள். "ஏம்மா, ஏரியைத் தாண்டி வந்தாச்சே, இப்பப் போய்த் தூண்டில் போடுறே?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பஸ் ஊர்ந்து வந்தது. ரிப்பன் கல்லைத் தொட்டது. கம்பு வில்லாக வளைந்தது.

பஸ் நின்றது. சிரிப்பும் நின்றது.

"என்னம்மா ஆச்சு? வாரம் பூரா போன வாசல்தானே?" என்றார் முதலாளி.

"அதே வாசல், அதே வண்டி. அதான் முதலாளி எனக்கும் புரியல."

பின்னால் காய்கறி வேன், அதற்குப் பின்னால் சிமெண்ட் லாரி, அதற்குப் பின்னால் யாரென்றே தெரியாத ஹாரன்கள். வாசல் காவலர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"பின்னால எடும்மா, பின்னால எடு! ராஜா காலத்துக் கல்லு. ஒரு கீறல் விழுந்துச்சு, என் வேலையும் போயிரும், உன் வேலையும் போயிரும்."

"தெரியும் சார். எங்க ஊர் கல்லை நானே கீறுவேனா?"

"டயர்ல காத்தை இறக்கினா வண்டி தாழும். எங்கேயோ படிச்சிருக்கேன்" என்றான் மைக், மைக்கிலேயே.

"காத்தை இறக்கிட்டு அந்தப் பக்கம் போனா, மறுபடியும் யாரு நிரப்புவா? நீ ஊதுவியா?"

மைக் முதல் தடவையாக மைக்கை அணைத்தான்.

முதலாளி அவளிடம் வந்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "விடும்மா. நீ நல்லாத்தான் ஓட்டினே. நமக்கு இந்த வாசல் ஒத்துவரல. மெதுவா ரிவர்ஸ்ல எடுத்துரு. நான் பழைய வண்டியை வரச்சொல்லி இவங்களை ஏத்திக்கிறேன்." போனில் எண்ணைத் தேட ஆரம்பித்தார். அந்தப் போன் போய்ச் சேர்ந்தால் பெரிய பஸ் போயிற்று, ஸ்கூல் வேன்தான். அவளுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறக்காமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

அவள் போனைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்தாள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்தாள். விரல் போயிற்று, உள்ளங்கை போயிற்று, மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரமும் உள்ளே போயிற்று. கையை அப்படியே வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா சிரிக்கிறே?"

"ஒரு நிமிஷம் போனை வைங்க முதலாளி. தப்பு என்னுதுதான். மழையில அளந்துட்டேன்."

"மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கல்லு என்ன நனைஞ்சா சுருங்கி, வெயில் பட்டா விரியுதா?"

"கல்லு அப்படியேதான் இருக்கு. வண்டிதான் எழுந்து நிக்குது. வாரம் பூரா மழைன்னு இந்த வாசல்ல ஒருத்தரும் கீழ இறங்கல. ஆளுங்களோட அளந்தேன், ஆளுங்களோடவே போனேன். இன்னிக்கு வெயில் அடிச்சுது, எல்லாரும் நடக்கப் போயிட்டாங்க. லோடு இறங்கினா லாரி எழுந்திருக்கும்னு குவாரியில பொறந்த எனக்கே மறந்துபோச்சு பாருங்க."

முதலாளி பஸ்ஸைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், தபால்காரர்களைப் பார்த்தார். "அப்படின்னா?"

"அப்படின்னா எல்லாரும் ஏறணும். நீங்களும்தான்."

போஸ்ட் மாஸ்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கேட்டீங்களாப்பா! ஆயுசு முழுக்க நாம எடை போட்டோம். இன்னிக்கு நம்மளையே எடை போடுறாங்க. வரிசையா வாங்க, பெரிய பார்சல் முதல்ல!"

"ஸ்டாம்ப் ஒட்டணுமா?" என்றார் ஒரு அம்மா.

"பாக்கிங் சரியில்லாததெல்லாம் திருப்பி அனுப்பிருவாங்க, பாத்துக்க" என்றார் அவர் கணவர். நங்கென்று ஒரு குட்டு விழுந்தது.

குச்சியாக இருந்த ஒரு பழைய தபால்காரர் மட்டும் தயங்கினார். "நான் ஏறி என்னம்மா ஆகப்போகுது? சைக்கிள் மிதிச்சே தேஞ்சுபோனவன்."

"நீங்க வாங்கின கல்லையும் எடுத்துக்கிட்டு ஏறுங்கய்யா" என்றாள் அவள். "எல்லாரும் அவங்கவங்க கல்லை மடியில வெச்சுக்குங்க. எங்க ஊர் கல்லு ஒண்ணுக்கொண்ணு விட்டுக்கொடுக்கும்." பிறகு, பஸ் கண்டுபிடித்த நாளிலிருந்து எந்தப் பஸ்ஸிலும் எவரும் சொல்லாத ஒன்றை உரக்கச் சொன்னாள்: "யாரும் பின்னால போகாதீங்க! எல்லாரும் முன்னால வாங்க, முன்னால வாங்க! பெட்டி முன்பக்கம்தான் இருக்கு!"

முதலாளி படியில் நசுங்கிக்கொண்டு நின்றார். மைக் போஸ்ட் மாஸ்டரின் அக்குளுக்குள் இருந்தான். பஸ் பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது.

நான் ஒருத்தி மட்டும் ஏறவில்லை. கீழே நின்று ரிப்பனைக் கவனிக்க நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டாமா? தவிர, என் எடை ஒரு எடையா, கொடியில் காய்கிற துண்டு மாதிரி இருப்பவள் நான். மாமியார் என்கிற ரகசியத்தையும் கடைசிவரை காப்பாற்றினேன். வாசல் காவலரின் பக்கத்தில் யாரோ ஒரு பெரியம்மாவாக நின்றுகொண்டு, நடந்த எல்லாவற்றையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு திருத்தமாக எழுத முடிகிறது.

தூண்டில் கம்பு நிமிர்ந்தது. என் மருமகள் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினாள், ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே ஒரு பார்வை பார்த்தாள். பஸ் நகர்ந்தது. சிவப்பு ரிப்பன் கல் வளைவுக்குக் கீழே படபடத்துக்கொண்டே போயிற்று, தொடவில்லை. ஏசி பெட்டி போயிற்று. காவலர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். வாசலின் நிழல் ஜன்னல் ஜன்னலாக வழிந்து, கடைசி ஜன்னலையும் விட்டு இறங்கியபோது உள்ளே கிளம்பிய சத்தத்தில் மதிலில் இருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பின. முடிசூட்டு விழாவில்கூட இந்த வாசல் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. ஒரு கல்லில், ஒரு கீறல் இல்லை.

முதலாளி இறங்கினார். போனைப் பைக்குள் போட்டார். வளைவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில எல்லா சீட்டும் புக் ஆயிருக்கு. வண்டியைக் கழுவி வெக்கச் சொல்லட்டுமா, நீயே பாத்துக்கிறியா?"

"நானே பாத்துக்கிறேன் முதலாளி. என் வண்டிதானே."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவள் வீட்டுப் படியேறி வந்த அழகு இருக்கிறதே, மூன்று மாடியும் அவளுக்கு ஒரே எட்டு.

மறுநாளிலிருந்து தெற்கு வாசலில் யாரும் இறங்குவதில்லை. மைக் இப்போது குரலைத் தாழ்த்திச் சொல்கிறானாம்: "எத்தனையோ வாசலில் பேரரசர் தேரை விட்டு இறங்கியிருக்கிறார். இந்த ஒரு வாசலில் மட்டும் இறங்கவே மாட்டார்." பாலம் மராமத்து முடிந்து திறந்துவிட்டார்கள். ஆனாலும் எந்தப் பயணியும் அந்தப் பக்கம் போக விடுவதில்லை. தெற்கு வாசல்தான் வேண்டும், தூண்டில் கம்புதான் வேண்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்து, சாயங்காலம் என் மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து, கம்புக்குப் புது ரிப்பன் கட்டிக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு அத்தை. ஒரே ஒரு இடம் மட்டும் மாத்திடுங்க."

"எந்த இடம்?"

"எல்லாரும் ஏறின பிறகும் ரிப்பன் கல்லுல உரசிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் ஜன்னல் வழியா தலையை நீட்டி மேல பாக்கல, 'அத்தை, நீங்களும் ஏறுங்க அத்தை!'ன்னு கத்தினேன். முதலாளிலேர்ந்து வாசல் காவலர் வரைக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. நீங்க ஏறி முன் சீட்டுல உக்காந்தீங்க பாருங்க, அப்பத்தான் வண்டி தாழ்ந்துச்சு."